சீப்புக்காரர் மகளுக்கு ஒரு ஜோடிச் செருப்பு

என் வீட்டுக்காரருக்குப் பாம்பு, பேய், இருட்டு, மேலதிகாரி என்று எதற்கும் பயம் கிடையாது. பயமெல்லாம் ஒன்றுக்குத்தான். சின்னக் குழந்தை ஒன்று ஷூவைப் போட்டுக்கொண்டு தத்தித் தத்தி நடந்து வந்தால் போதும், மனிதருக்கு முகம் வெளுத்துவிடும். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். கல்யாணமான புதிதில் எனக்கும் சிரிப்புதான் வந்தது.

அவர் எஸ்கலேட்டர் மெக்கானிக். பெரிய வணிக வளாகம் ஒன்றில் காலை முதல் இரவு வரை ஓடிக்கொண்டிருக்கும் நகரும் படிகளெல்லாம் அவர் பொறுப்பு. படிகள் ஓடிவந்து தரைக்கு அடியில் நுழைகிற இடத்தில் பல் பல்லாக ஒரு தகடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்கு அவர்கள் தொழிலில் சீப்பு என்று பேர். கடை திறக்கும் முன்பே போய் அந்தச் சீப்பின் முன்னால் மண்டி போட்டு, பல்லிடுக்கில் மாட்டியிருக்கும் ஹேர்பின், மிட்டாய்த் தாள், ஷூ கயிற்றின் நுனி என்று ஒவ்வொன்றாகக் கிளறி எடுப்பார். ஒரு பல் உடைந்திருந்தாலும் அன்றைக்கு அந்தப் படி ஓடாது. மேனேஜர் வந்து தலைகீழாக நின்றாலும் ஓடாது. அதனால் அங்கே எல்லோருக்கும் அவர் சீப்புக்காரர். முன்மண்டையில் ஒரு முடி கிடையாது, பேர் மட்டும் சீப்புக்காரர்.

அவருடைய கருவிப் பையின் உள்ஜேபியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பச்சை ரப்பர் துண்டு கிடக்கும். ஒருமுறை பையைத் துவைக்கலாம் என்று கவிழ்த்தபோது அது கீழே விழுந்தது. குப்பை என்று எடுத்து எறியப் போனேன். ஓடிவந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். என்னிடம் அவர் எதையும் பிடுங்கியதில்லை, அதுதான் முதல் தடவை.

அப்போது எங்கள் மகள் என் வயிற்றில் இருந்தாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போதுதான் கதையைச் சொன்னார். மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, மேலே ஓட்டை ஓட்டையாக இருக்குமே, மெத்தென்ற ரப்பர் ஷூ, பச்சை நிறத்தில் அதைப் போட்டுக்கொண்டு எஸ்கலேட்டரில் ஓரமாக நின்றிருக்கிறது. அந்த ரப்பர் பக்கத்துத் தகட்டில் ஒட்டும். ஒட்டினால் படிக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி அதை மெல்ல மெல்ல உள்ளே இழுக்கும். யாரோ புண்ணியவான் சிவப்புப் பொத்தானை அமுக்கிப் படியை நிறுத்திவிட்டார். இவர் ஓடிப்போய்ப் படியை ஓட்டுகிற சக்கரத்தைக் கையால் பின்பக்கம் சுற்றிச் சுற்றி ஷூவை விடுவித்திருக்கிறார். அவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளையின் அம்மா குனிந்து பார்க்கத் தைரியமில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, "கால் இருக்கா, கால் இருக்கா" என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

கால் இருந்தது. ஷூ தொளதொளவென்று இருந்ததால் கால் தானாக வெளியே வந்துவிட்டது. பெருவிரல் நகத்தில் மட்டும் அடி. ஷூவின் மூக்குதான் பிய்ந்து உள்ளே போயிருந்தது. அந்த மூக்குதான் பையில் கிடந்த துண்டு.

"ஷூ கொஞ்சம் இறுக்கமா இருந்திருந்தா..." என்றார். சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டேன். உள்ளே அவள் உதைத்தாள்.

மகள் பிறந்தாள். எல்லோரும் குழந்தையின் முகத்தைப் பார்த்து மூக்கு யார் ஜாடை, கண் யார் ஜாடை என்று பேசிக்கொண்டிருந்தபோது இவர் துணியை விலக்கிக் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு வீட்டில் பேர் பொடிசு. பிறந்தபோது அப்படித்தான் இருந்தாள், இப்போதும் அப்படித்தான் இருக்கிறாள், வாய் மட்டும் வளர்ந்திருக்கிறது.

இரண்டு வயது நெருங்கும்போது அந்தக் கோடை வந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். தெருவில் நாய்கூட நிழலிலிருந்து நிழலுக்குத் தாவித்தான் போனது. பொடிசு நடக்கக் கற்ற புதிதில் வாங்கிய கீச்சுக் கீச்சுச் செருப்பில் விரல்கள் மடங்கிக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்க ஆரம்பித்தன. வாசலைத் தாண்டி ஓடுகிற வயசு. புதுச் செருப்பு வாங்கியாக வேண்டும். மற்ற வீடுகளில் இது அரை மணி நேர வேலை. எங்கள் வீட்டில் அது ஒரு கோடைக் காலம் முழுவதையும் தின்றது.

முதலில் என் தம்பிதான் வாங்கி வந்தான். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலை அவனுக்கு. போகிற வழியில் கண்ணில் பட்டதாம். ஆரஞ்சு நிறத்தில், முன்னால் வாத்து முகம் போட்டு, மேலே ஓட்டை ஓட்டையாக ஒரு ஜோடி.

"அக்கா, தூக்கிப் பாரு, எடையே இல்ல. அழுக்கானா கழுவிப் போட்டுடலாம். காத்தும் போகும். இந்த வெயிலுக்கு எல்லாப் பிள்ளைங்களும் இதத்தான் போடுதுங்க."

பொடிசு வாத்தைப் பார்த்ததும் "குவாக்" என்று கையை நீட்டினாள். அதற்குள் அவர் ஒரு ஷூவை எடுத்துக்கொண்டார். வளைத்துப் பார்த்தார். வாத்தின் மூக்கில் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். பிசைந்த மாவு மாதிரி உள்ளே போயிற்று.

"மாப்ள, இதப் போட்டுக்கிட்டு எங்க நடப்பா?"

"தரையிலதான் மாமா. பறக்க இன்னும் கத்துக்கலையே."

தம்பி சிரித்தான். நானும் சிரிக்கப் போனேன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவர் அந்த ஜோடியைக் கொண்டுபோய் அலமாரிக்கு மேலே, பழைய சூட்கேசுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார். பொடிசு அலமாரியைப் பார்த்து "குவாக், குவாக்" என்று அழுதாள். தம்பிக்கு முகம் சுண்டிப்போயிற்று. காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

"ஆசையா வாங்கிட்டு வந்தவன இப்படியா அனுப்புறது?" என்றேன்.

"நல்லதா ஒண்ணு நானே வாங்கித் தர்றேன்" என்றார்.

வாங்கித் தந்தாரா என்று கேளுங்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்தவுடன் எங்களைக் கிளப்பிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார். சாயங்காலந்தான் போக வேண்டும். பகலெல்லாம் ஓடி ஆடிக் கால் கொஞ்சம் உப்பியிருக்கும், அப்போது அளந்தால்தான் சரியான அளவு தெரியும் என்பார். அதுவரைக்கும் நியாயந்தான். விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் வேண்டும், வளருகிற கால் என்று ஒரேயடியாகப் பெரிதாக வாங்கினால் தடுக்கி விழுவாள், அதுவும் நியாயந்தான். அதற்கு அப்புறந்தான் கடைக்காரருக்கும் எனக்கும் உயிர் போகும்.

விரலிடுக்கில் வார் வருகிற செருப்பு வேண்டாம், சின்னக் கால் பிடித்துக்கொள்ளாது. முன்பக்கம் திறந்தது வேண்டாம், கல்லில் இடித்துக்கொள்வாள். பின்னால் வார் இல்லாதது வேண்டாம், ஓடும்போது கழன்று குப்புற விழுவாள். பாசி மணி வைத்தது வேண்டாம், பிய்த்து வாயில் போடுவாள். இதன் அடிப்பாகம் பலகை மாதிரி இருக்கிறது, வளையாது. இது நடுவில் மடங்குகிறது, விரல் பக்கம் அல்லவா மடங்க வேண்டும். இது வழுக்கும். இதில் ஏதோ நெடி அடிக்கிறது, வியர்த்தால் புண்ணாகும். கடைக்காரர் பெட்டிகளைத் திறந்து திறந்து, கடைசியில் ஏணிமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சார், பாப்பாவுக்குத்தானே கேக்குறீங்க? மலை ஏறுறவங்களுக்கு இல்லையே?"

"பாப்பாவுக்குத்தான். அதான் கேக்குறேன்."

ஒருநாள் எல்லாப் பரீட்சையிலும் ஒன்று தேறிவிட்டது. நீல நிறம். விரல் பக்கம் மூடி, பக்கங்களில் காற்றுப் போகத் திறந்து, குதிகாலைச் சுற்றி வார், வாருக்கு இரும்புக் கொக்கி. பொடிசுக்குப் போட்டு, அவள் காலைப் பிடித்துக்கொண்டு ஷூவைப் பலமாக இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஏணியிலிருந்து கடைக்காரரும் மூச்சு விட்டார். ஆனால் அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"கழல மாட்டேங்குதே" என்றார்.

"அதுக்குத்தானே இழுத்துப் பாத்தீங்க?"

"மெஷின் புடிச்சு இழுத்தாலும் கழலாதே. அன்னிக்கு அந்தப் பிள்ளையோட ஷூ கழண்டதாலதான் கால் தப்பிச்சுது." கடைக்காரர் பக்கம் திரும்பினார். "ஓடுறப்ப கழலக் கூடாது. ஏதாவது புடிச்சு இழுத்தா கழலணும். அப்படி ஒண்ணு இருக்கா?"

"வந்தா மொதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன் சார்" என்றார் அவர், பெட்டிகளை மூடியபடி.

வழியெல்லாம் நான் பொரிந்து தள்ளினேன். "நாம என்ன எஸ்கலேட்டர்லயா குடியிருக்கோம்? அவள நீங்க ஒருநாளாவது அதுல ஏத்தினது உண்டா? தூக்கிக்கிட்டுப் போனா முடிஞ்சுது. அதுக்காக செருப்பே இல்லாமயா வளப்பாங்க?" அவர் பொடிசைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளுடைய இரண்டு பாதங்களையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். வாய்க்கு வந்தபடி பேசுகிற என்னால் அந்தக் கையைப் பார்த்த பிறகு மேலே பேச முடியவில்லை.

பயம் ஒட்டுவாரொட்டி. அவரைத் திட்டித் தீர்த்த எனக்கே அது எப்போது தொற்றியதென்று தெரியவில்லை. கடைத்தெருவில் எதிரில் வருகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலைப் பார்க்க ஆரம்பித்தேன். அவிழ்ந்த கயிறு, தொங்குகிற வார், குதிகால் வெளியே தள்ளிய செருப்பு. நான் வீட்டில் துணி தைத்துக் கொடுக்கிறவள். தையல் மெஷினின் மிதிகட்டைக்குப் பக்கத்தில் பொடிசு வந்து நின்றால் முன்பு தலையைத் தடவிவிட்டுத் தைப்பேன். இப்போது சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு, அவள் விரல் எங்கே இருக்கிறதென்று பார்ப்பேன்.

இதற்கிடையில் அவர் பிள்ளைக்குப் பாடம் வேறு நடத்திவிட்டார். எஸ்கலேட்டரைத் தூரத்தில் இருந்து காட்டி, "மெஷின் கடிக்கும். கிட்ட போகக் கூடாது. என்ன பண்ணும்?" என்று கேட்பார். "கசிக்கும்" என்பாள் அவள். வீட்டில் மிக்ஸி ஓடினால் "கசிக்கும்". மின்விசிறியைப் பார்த்து "கசிக்கும்". என் தம்பியின் வண்டியைப் பார்த்துக்கூட "கசிக்கும்" என்றாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

செருப்பு மட்டும் வரவில்லை. பழையதை எடுத்துக் குப்பையில் போட்டாயிற்று. வீட்டுக்குள் வெறுங்கால். வெளியே என்றால் என் இடுப்பு, இல்லையென்றால் அவர் தோள். வளர்ந்த பிள்ளையை இப்படிச் சுமக்கிறீர்களே என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். ராணியம்மா தரையில் கால் வைக்க மாட்டார் என்று நான் சொல்லிச் சமாளித்தேன். இடுப்பு விட்டுப்போனது எனக்குத்தான் தெரியும்.

கடைசியில் அவருக்கு ஒரு செய்தி வந்தது. அவர் வேலை செய்கிற வளாகத்திலேயே கீழ்த்தளத்தில் ஒரு காலணிக் கடை. அங்கே இருக்கும் விற்பனைக்காரப் பெண்ணிடம் இவர் தன் புலம்பலை எல்லாம் சொல்லி வைத்திருந்தார் போல. அவள் போன் செய்தாள். முன்னால் மூடி, பின்னால் வார், ஆனால் கொக்கி இல்லை, ஒட்டுகிற பட்டை. பிள்ளை ஓடினால் கழலாது, பெரியவர்கள் பலமாக இழுத்தால் பிரிந்துவிடும். பொடிசின் அளவில் ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம் இருக்கிறதாம்.

அன்றைக்கு அவருக்கு விடுமுறை. உச்சி வெயில். சாயங்காலம் போகலாமே என்றேன். "அதுக்குள்ள யாராவது வாங்கிட்டா?" என்றார். சாப்பிட்ட கை காயவில்லை, வாடகை வண்டியை வரவழைத்துவிட்டார். அத்தனை நாளும் பார்க்காத சந்தோஷம் அவர் முகத்தில். வண்டியில் பொடிசின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "புதுச் செருப்பு, புதுச் செருப்பு" என்று தாளம் போட்டுக்கொண்டே வந்தார்.

வளாகத்தின் வாசலில் இறங்கினோம். அவர் பொடிசைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். நான் வண்டிக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் சாமான் வண்டிகள் ஏறுவதற்காக ஒரு சாய்வான இரும்புத் தகடு போட்டிருப்பார்கள். அவர் அதன்மேல் காலை வைத்த நேரம், உள்ளேயிருந்து யாரோ கதவைத் திறந்தார்கள். குளிர்ந்த காற்றோடு ஒரு மணிச் சத்தமும் வெளியே வந்தது. விடாமல் அடிக்கிற மணி. அதோடு ஒரு குழந்தையின் வீறல்.

அந்த மணி என்னவென்று எனக்கும் தெரியும். யாராவது சிவப்புப் பொத்தானை அமுக்கினால் அடிக்கிற மணி.

அவர் உடம்பு விறைத்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். அடுத்த நொடி குனிந்து, தோளில் இருந்த பிள்ளையைக் கீழே இறக்கி நிறுத்திவிட்டு உள்ளே ஓடினார். யோசித்துச் செய்தது இல்லை. மணி அடித்தால் கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிட்டு ஓட வேண்டும், இத்தனை வருஷமாக அதுதான் அவர் வேலை. ஸ்பேனரை வைப்பார், டீ டம்ளரை வைப்பார். அன்றைக்குக் கையில் இருந்தது எங்கள் மகள்.

அவள் வெறுங்காலோடு அந்த இரும்புத் தகட்டின்மேல் நின்றாள். காலையிலிருந்து வெயில் குடித்த இரும்பு. முதலில் அவள் அழக்கூட இல்லை. வாயைத் திறந்தபடி நின்றாள், சத்தம் வரவில்லை. ஓடி நகர வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஒரு காலைத் தூக்கினாள், மறு கால் சுட்டது, அதைத் தூக்க இதை வைத்தாள். அப்புறந்தான் அந்தச் சத்தம் வந்தது. பையை எங்கே போட்டேன், எப்படி ஓடினேன் என்று தெரியாது. தூக்கிவிட்டேன். தூக்கிய பிறகும் அவள் கால்கள் காற்றில் உதறிக்கொண்டே இருந்தன.

பாதத்தைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பச்சை ஷூ பிள்ளையின் அம்மாவும் இப்படித்தானே கண்ணை மூடிக்கொண்டு நின்றிருப்பாள் என்று அப்போது தோன்றியது. காவலாளிதான் கதவோரம் இருந்த குழாயடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். "தண்ணியில காட்டும்மா, எடுக்காம காட்டிக்கிட்டே இரு" என்றார். தண்ணீரில் காட்டினேன். உள்ளங்கால் இரண்டும் சிவந்து, அங்கங்கே வெளுத்து, கண்ணெதிரே கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது.

அவர் திரும்பி வந்தார். உள்ளே ஒன்றுமில்லை. யாரோ ஒரு அம்மாளின் சக்கரப் பெட்டி சீப்பில் மாட்டிக்கொண்டதாம், பயந்துபோய்ப் பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். மணிச் சத்தத்துக்கு மிரண்டு யாருடைய குழந்தையோ அழுதிருக்கிறது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தபடி வந்தார். என் மடியில் பிள்ளையின் காலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

மருத்துவமனையில் டாக்டரம்மா மருந்து தடவிக் கட்டுப் போட்டார். முகம் பார்க்காமல், வேலையோடு வேலையாக, "இந்த வெயில்ல பிள்ளைக்கு ஒரு செருப்பு போட்டு அனுப்பக் கூடாதா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு, அங்கேயே ஆடித் தீர்த்திருப்பேன். ஆனால் அவருடைய உள்ளங்கை, கட்டுப் போட்ட இரண்டு காலையும் தாங்கிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு தடவை பேசினார். "என் கையாலதான் எறக்கி விட்டேன்" என்றார். நான் பிள்ளையின் காலுக்கு அடியில் தலையணையை நகர்த்தி வைத்தேன்.

கொப்புளம் அடங்கியது. தோல் உரிந்து புதுத் தோல் வந்தது, ரோஜா நிறத்தில், தொட்டால் கிழிந்துவிடுமோ என்பதுபோல. கட்டைப் பிரித்த டாக்டரம்மா, "ஆறிடுச்சு. இனி நடக்க விடுங்க. ஆனா அழுத்தாம, உரசாம, மெத்துன்னு காத்தோட்டமா ஏதாவது போடுங்க" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கீழ்த்தளக் கடையில் இருந்த அந்தக் கடைசி ஜோடியை அதற்குள் யாரோ வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவரே முக்காலி போட்டு ஏறி, சூட்கேசுக்குப் பின்னால் கையை விட்டு, அந்த ஆரஞ்சு வாத்து ஷூவை எடுத்தார். தூசியைச் சட்டையிலேயே துடைத்தார். கீழே உட்கார்ந்து பொடிசின் காலில் மெதுவாக மாட்டினார்.

"வீட்லயும் முத்தத்துலயும் இது. எஸ்கலேட்டர் இருக்கிற எடத்துக்கு இது கூடாது. அங்கன்னா நான் தூக்கிக்குவேன்" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

அவள் "குவாக்" என்றாள். சிரித்தாள். ஆனால் எழுந்து நிற்கவில்லை. தூக்கி நிறுத்தினால் இரண்டு காலையும் மடக்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தொங்கினாள்.

"எறங்குடா கண்ணு" என்றார்.

"மாத்தேன். தரை கசிக்கும்."

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மெஷின் கடிக்கும் என்று அவர் சொல்லிக் கொடுத்ததை அவள் தரைக்கு வைத்துக்கொண்டுவிட்டாள். கூடத்தில் குளிர்ந்த தரையில் பாயை விரித்து இறக்கினேன், ஓலமிட்டாள். மெத்தையில் உட்காருவாள், அங்கிருந்து கையை நீட்டுவாள், தூக்க வேண்டும். முற்றத்துக்கு இறங்குகிற வாசற்படியில் உட்கார வைத்தால் உட்காருவாள், வாத்து ஷூவைத் தடவிக்கொண்டிருப்பாள், ஆனால் பாதம் படியைத் தொடாமல் சம்மணம் போட்டுக்கொள்வாள். தம்பி வந்து பந்து உருட்டினான், குட்டிக்கரணம் அடித்துக் காட்டினான். சிரித்தாளே தவிர இறங்கவில்லை. ஆறட்டும், பிள்ளைதானே, மறந்துவிடும் என்றார்கள் எல்லோரும். நாள்தான் போய்க்கொண்டே இருந்தது. ஓடிக்கொண்டிருந்த பிள்ளை. இனி நடக்கவே மாட்டாளோ என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்து பையை வைத்ததும் அவர் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான். இல்லை என்று நான் தலையை ஆட்டுவேன். போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொள்வார்.

அவருடைய அடுத்த விடுமுறை நாள். மத்தியானம். நான் தையல் மெஷினில் இருந்தேன். பொடிசு வழக்கம்போல வாசற்படியில் வாத்தோடு உட்கார்ந்திருந்தாள். மேலே தண்ணீர்த் தொட்டி வழிகிற சத்தம் கேட்டது.

"என்னங்க, மோட்டார நிறுத்துங்க, தொட்டி வழியுது."

அவர் உள்ளேயிருந்து அப்படியே எழுந்து ஓடினார். அதுவும் அந்த மணி மாதிரிதான் அவருக்கு, வழிகிற சத்தம் கேட்டால் கால் தானாக ஓடும். மோட்டார் முற்றத்தின் கோடியில் இருந்தது. நடுவில் சிமெண்டுத் தரை முழுக்க வெயில். பாதி தூரம் போன பிறகுதான் காலில் செருப்பில்லை என்பது அவருக்கு உறைத்தது. "ஸ்ஸ்" என்று ஒரு குதி, இன்னொரு குதி. மோட்டாரை நிறுத்திவிட்டு, அதற்குப் பக்கத்தில் கையகல நிழல் ஒன்று கிடந்ததே, அதில் ஒற்றைக் காலில் நின்றார். திரும்பி வர வழியில்லை.

"அப்பா கால்" என்றாள் பொடிசு.

நான் மெஷினை விட்டு எழுந்து, அவர் செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். செருப்பு வாசற்படியின் ஓரத்தில் இருந்தது. அதில் ஒன்றைப் பொடிசு ஏற்கெனவே எடுத்து நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தாள். அவள் உடம்பில் பாதி அது.

"அப்பா, தரை கசிக்கும்" என்றாள். குரல் அழுகைக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கமாகத் திரும்பி, வயிற்றால் படியில் சரிந்து, ஒரு வாத்தைக் கீழே வைத்தாள். நின்றாள். இன்னொரு வாத்தையும் வைத்தாள்.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அவர் வாயைத் திறந்தார். பாத்து வா, ஓடாதே, அங்கேயே இரு, என்ன சொல்லியிருப்பாரோ. ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். அவருக்கு அவ்வளவு பயம் இருந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, அந்த மணி அடித்த அன்றைக்குக்கூட.

அவள் வெயிலில் இறங்கி நடந்தாள். ஒவ்வொரு அடி வைத்ததும் நின்று, குனிந்து, தன் ஷூவைப் பார்த்தாள். கடிக்கவில்லை என்று தெரிந்ததும் அடுத்த அடி. நாங்கள் இரண்டு பேரும் அந்த ஆரஞ்சு மூக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவரிடம் போய்ச் சேர்ந்ததும் செருப்பைத் தொப்பென்று கீழே போட்டு, "போது" என்றாள். போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். பிறகு திரும்பி, வந்த வழியே நடந்து, மற்றொன்றை எடுக்க வந்தாள்.

அவள் முதலில் கொண்டுபோனது இடது கால் செருப்பு. அவர் நிழலில் ஊன்றி நின்ற கால் வலது. எந்தச் செருப்பையும் வளைத்து, அமுக்கி, இழுத்துப் பார்க்காமல் தொடாத மனிதர், அந்த இடது செருப்பை அப்படியே வலது காலில் மாட்டிக்கொண்டு, மறு காலைத் தூக்கிப் பிடித்தபடி, அவள் திரும்பி வருகிற வரைக்கும் நின்றார்.